எம்.சி. திலகம்

நடிகர் திலகம், மக்கள் திலகம் என்று பட்டம் கொடுத்தே பழகிய நம் சமூகம் ஒருவரை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அலுவலகமானாலும் தொழிற்சாலையானாலும் அவர் இல்லாத இடம் அபூர்வம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வாட்சாப் குழுவில் அவருடைய செய்தி வந்து விழும்: "பாஸ், வயிறு சரியில்ல. கிளினிக் போறேன்." ஒன்பதரைக்கு, கொஞ்சம் சாய்வாக எடுத்த ஒரு சின்னத் தாளின் படம் வரும்; அதுதான் எம்.சி. என்கிற மருத்துவச் சான்றிதழ். மேலே கிளினிக்கின் பெயர், நடுவில் கிறுக்கலாக ஒரு தேதி, கீழே பாதி பதிந்த ரப்பர் முத்திரை. வயிற்றைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. வயிற்றுப்போக்கைச் சரிபார்க்க எந்த மேலாளரும் முன்வந்ததில்லை. குழுவில் நாலு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். ஐந்தாமவர், அன்றைக்கு இவர் வேலையையும் சேர்த்துச் செய்யப்போகிறவர், ஒன்றும் போடமாட்டார். எம்.சி. திலகம் என்ற பட்டத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, எச்.ஆர். அறைகளில் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பொய்யருக்கு வாய் இருந்தால் போதும். திலகத்துக்குச் சட்டம் தெரியும், காலண்டர் தெரியும், எந்த மேலாளர் எந்தக் கிழமையில் எரிந்து விழுவார் என்பதும் தெரியும். அவரைக் கணக்கர் என்பதே பொருத்தம், அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதிக் கொடுத்தது நாட்டுச் சட்டம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாத தொழிலாளிக்குக் குறைந்தது 8 நாள் வருடாந்திர விடுப்பு. நோய் விடுப்போ 14 நாள். இரண்டு ஆண்டைத் தாண்டினால் 12, 18. ஐந்து ஆண்டைத் தொட்டால் 16, 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள், அதுவும் 2023 ஜனவரியிலிருந்து தனிக் கணக்கு. எந்தப் படியில் நின்று கழித்துப் பார்த்தாலும் ஓய்வைவிட நோய்க்கு ஆறு நாள் அதிகம். உண்மையான நோயாளியைக் காப்பாற்ற எழுதிய சட்டம் இது, அந்த வேலையைச் செய்தும் வருகிறது. ஆனால் இந்தக் குறைந்தபட்சத்திலேயே காலம் தள்ளுகிறவருக்குத் தங்கை கல்யாணம், பிள்ளையின் பள்ளி விழா, ஊரில் ஒரு கருமாதி எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு நாள். வயிற்றுக்கு மட்டும் பதினான்கு. வயிறு கெடாமல் என்ன செய்யும்?

காலண்டரையும் அவர் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். தீபாவளிக்கு நமக்கு ஒரே நாள் விடுமுறை. 2024இல் அது அக்டோபர் 31, வியாழக்கிழமை. சனி, ஞாயிறுக்கு முன்னால் வெள்ளி ஒன்று மட்டும் குறுக்கே நின்றது. 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய். அங்கே திங்கள் குறுக்கே நின்றது. இப்படிக் குறுக்கே நிற்கும் நாளைத் திலகத்தால் சகித்துக்கொள்ள முடியாது. திருச்சி விமானத்துக்கு ஆகஸ்டிலேயே மலிவு விலையில் டிக்கெட் எடுத்துவிடுகிறார். ஆகவே நவம்பர் 1ஆம் தேதி தமக்கு உடம்புக்கு முடியாமல் போகும் என்பது அவருக்கு ஆகஸ்டிலேயே தெரியும். எந்த ஜோசியருக்கும் கைவராத துல்லியம் இது. புதன்கிழமை மாலையே கிளினிக்குக்குப் போய் இரண்டு நாளாக எழுதி வாங்கிவிட்டால் தீபாவளியும் நோயில் அடங்கிவிடும். அதிலும் நஷ்டமில்லை. நோய் விடுப்புக்குள் பொது விடுமுறை வந்து விழுந்தால் அதற்கு ஈடாக இன்னொரு நாள் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த நாளைக் கேட்டு எச்.ஆர். கதவைத் தட்டும் அளவுக்குத் துணிந்தவர்தான் திலகங்களுக்குள் திலகம்.

கிளினிக்கில் நடப்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கத்திலோ, ஐந்தடி நடைபாதையை ஒட்டிக் கண்ணாடிக் கதவு. உள்ளே இருமுகிறவர் நாலு பேர், அழும் குழந்தை ஒன்று, தொலைக்காட்சியில் ஒலியில்லாத சீரியல். "என்ன செய்யுது?" "காலையிலேர்ந்து நாலஞ்சு தடவ, டாக்டர்." "வெளியில எங்கயும் சாப்பிட்டீங்களா?" "ரொட்டி சானாய்தான் டாக்டர்." டாக்டர் வயிற்றில் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்க்கிறார், இரண்டாவது இடத்தில் திலகம் முகத்தைச் சுளிக்கிறார். "ஒரு நாள் போதுமா?" இந்தக் கேள்வியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பொய்ச் சான்றிதழில் கையெழுத்திடுவது மருத்துவ மன்றத்தின் ஒழுக்க விதிப்படி குற்றம் என்பது டாக்டருக்குத் தெரியும். வயிற்றுவலி இல்லை என்று நிரூபிக்கும் வழி மருத்துவத்தில் இல்லை என்பதும் தெரியும். வெளியே காத்திருக்கும் பதினைந்து பேரையும் தெரியும். இதில் இன்னொரு கூத்து: நோயே இல்லாதவர் நோயை நிரூபிப்பதற்காக உண்மையான நோயாளிகளோடு ஒரு மணி நேரம் அடைந்து கிடக்கிறார். உள்ளே போகும்போது சொன்ன பொய், பல நேரம் மூன்றாம் நாள் மெய்யாகிவிடுகிறது.

ஆள் சொல்லை நம்பாமல் தாளைத்தான் நம்புவேன் என்பது நேற்று வந்த பழக்கமல்ல. அந்த வேலைச் சட்டமே மெர்டேகாவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, இரண்டு ஆண்டு முன்பு வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்தது. அதற்கும் முந்தைய தோட்டத்துக் காலத்தை எடுத்துக்கொண்டால், விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும்; அன்றைக்கு நிற்காதவனுக்கு அன்றைய கூலி கிடையாது. "உடம்பு முடியல" என்று அவனே சொன்னால் செல்லாது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சொன்னால்தான் செல்லும். உடம்பு அவனுடையது, அதைப் பற்றிப் பேசும் உரிமை இன்னொருவருடையது. அந்தப் பெரட்டுக் களத்தின் பேரப்பிள்ளைகள் இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கிறார்கள், டிரஸர் இருந்த இடத்தில் நிறுவனம் நியமித்த பேனல் கிளினிக் இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டாலும், இருந்தும் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டாலும், அனுமதியின்றி வராதவர் என்றே சட்டம் கணக்கில் வைக்கும். நிஜமான தலைவலிக்காரர் இருட்டறையில் படுத்துக் கிடக்காமல் மோட்டார் சைக்கிள் ஏறி வெயிலில் கிளினிக்குக்குப் போவது இதனால்தான். சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஆக்கிவிட்ட பிறகு, அதில் கலப்படம் செய்ய யாருக்கும் கை கூசுவதில்லை.

இதே திலகத்தை ஊரிலிருந்து திரும்பும் விமானத்தில் பார்த்தால் வேறு ஆளாக இருப்பார். திருச்சியில் மூன்று நாள் அலைச்சல், மழை, ஐஸ்கிரீம். ஞாயிறு இரவு அவருக்கு உண்மையாகவே காய்ச்சல், தொண்டைக்கட்டு, மூக்கொழுகல். கிளினிக்கில் சொல்லியிருந்தால் மூன்று நாள் கிடைத்திருக்கும். ஆனால் இப்போது "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நடு இருக்கையில் உட்கார்கிறார். இல்லாத நோயைச் சொல்லி அலுவலகத்துக்கு வராதவர், இருக்கும் நோயோடு விமானத்தில் நாலு மணி நேரம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு பறக்கிறார். ஒரே மனிதர், ஒரே வாரம். காரணம் ரிங்கிட். எம்.சி. எடுத்தால் சம்பளம் போகாது. பயணத்தைத் தள்ளிப் போட்டால் மலிவு டிக்கெட்டின் காசு திரும்பாது. அவருடைய மனசாட்சி ரசீதைப் பார்த்துத்தான் பேசுகிறது. வேலைக்குத் தகுதியில்லை என்ற தாளோடு ஊருக்குப் பறந்தது சரியா என்று கேட்டுப்பாருங்கள், சட்ட நுணுக்கமாகப் பதில் வரும்: "வேலைக்கு முடியாதுன்னுதான எழுதியிருக்கு? பிளேன்ல ஏற முடியாதுன்னு எழுதலயே."

விமானத்துக் காற்று நல்ல காற்றுதானே என்று அவர் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாறுகிறது, நுண்ணிய வடிகட்டியும் உண்டு. ஆனால் இருமல் வடிகட்டிக்குப் போய்ச் சேருமுன் பக்கத்து இருக்கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன விமானத்தில் சார்ஸ் கண்ட முதியவர் ஒருவர் இருந்தார். மூன்று மணி நேரப் பயணம், 120 பேர். பிறகு 22 பேருக்கு நோய் கண்டது. அவருக்குப் பல வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. எல்லாச் சளியும் சார்ஸ் ஆகிவிடாது, அது நிஜம். என்றாலும் திருச்சி விமானம் அதைவிட ஒரு மணி நேரம் நீளம். தொற்றுநோய் இருப்பது தெரிந்தும் பொது இடத்தில் பிறரை அந்த ஆபத்துக்கு ஆளாக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் சொல்கிறது. கோவிட் காலத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்த சட்டம் அது; இப்போது விடுப்புச் சட்டத்தைத் தவிர எந்தச் சட்டமும் யாருக்கும் நினைவில்லை.

"ஆள் சுயநலக்காரன், சட்டத்தின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். அப்படியானால் அவருக்கு நேரெதிரானவரைப் பாருங்கள். கிள்ளான், ஷா ஆலம் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஒரு நாளும் தவறாமல் வருகிறவருக்கு மாதக் கடைசியில் வருகை அலவன்ஸ் உண்டு. ஒரு எம்.சி. போட்டால் அது போச்சு. அதை வைத்துத்தான் பிள்ளையின் டியூஷன் காசு என்றிருக்கும் அக்கா ஒருவர் 38 டிகிரி காய்ச்சலோடு வரிசையில் நின்று பெட்டி ஒட்டுவார். மூக்கைச் சிந்திச் சிந்திச் சிவந்திருக்கும். அடுத்த வாரம் அந்த வரிசையே இருமும். சுயநலம் என்ற சொல்லை அவர் மேல் போட யாருக்கு மனம் வரும்? ஆனால் விளைவைப் பாருங்கள்: திலகத்தைவிட அவர்தான் அதிகம் பேரைப் படுக்க வைத்தார். இருவரையும் நகர்த்துவது ஒரே கணக்கு. ஒருவருக்கு அது வீட்டில் இரு என்கிறது, இன்னொருவருக்கு வேலைக்கு வா என்கிறது. நம் ஆட்களுக்குத் தொற்று பற்றிய உணர்வே இல்லை என்ற குற்றச்சாட்டையும் ஏற்க முடியாது. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் விடும்வரை ஆளை வெளியே விடாதவர்கள் நாம். அந்த வேப்பிலைக்கு யாரும் முத்திரை கேட்டதில்லை. அந்த ஓய்வுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேறு வழி இல்லையா என்றால், பிரிட்டனில் ஏழு நாள் வரை தொழிலாளி தானே சொன்னால் போதும், அதற்கு மேல்தான் மருத்துவர் தாள். இங்கே அப்படி விட்டால் திங்கட்கிழமை ஃபெடரல் நெடுஞ்சாலை வெறிச்சோடிவிடும் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். (நெரிசலுக்கு இதுவரை யாரும் சொல்லாத தீர்வு.) இரண்டு விடுப்பையும் ஒன்றாக்கி 22 நாள் கொடுத்துவிடலாமே என்று முதலில் தோன்றும். அது ஆபத்து: அப்போது காய்ச்சலுக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் திருச்சிப் பயணத்தில் ஒரு நாளைத் தின்றுவிடும்; திலகமும் அக்காவின் பக்கத்தில் நின்று இரும ஆரம்பிப்பார். ஆகவே கணக்கு தனியாகவே இருக்கட்டும். சட்டம் வருடாந்திர விடுப்பை நோய் விடுப்பின் அளவுக்கு உயர்த்தட்டும், முதல் இரண்டு நாள் நோய்க்குத் தாள் வேண்டாம் என்று சொல்லட்டும், முதலாளிகள் எம்.சி.க்காக வருகை அலவன்ஸை வெட்டாமல் இருக்கட்டும். திலகங்கள் ஒழிந்துவிட மாட்டார்கள். மூன்று பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் வராவிட்டால் மற்ற இருவருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். அந்த இருவர் முன்னால் அவருக்காக நான் வாதாட வரமாட்டேன். ஆனால் பாதிப் பேருக்காவது வயிறு குணமாகிவிடும்.

விமானம்தான் சிக்கல். காய்ச்சலுக்காகத் தேதி மாற்றிக்கொள்ளக் கட்டணம் வாங்காத மலிவு விமானம் வரும்வரை பக்கத்து இருக்கைக்காரர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். "மாஸ்க் போடுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால் கோலாலம்பூர்வரை முறைப்பு. திருச்சி விமானத்தில் வழக்கமாக வரும் பெரியம்மாக்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கைப்பையிலிருந்து முதலில் கோடாலித் தைலம் வரும். "என்னாப்பா, சளி புடிச்சிருக்கா? இந்தா, நெத்தியில தடவிக்க." அவர் தடவிக்கொள்வார். அடுத்து, பிரிக்காத உறையில் ஒரு மாஸ்க். "இதையும் போட்டுக்க, ஏசி காத்து ஒனக்கு ஒத்துக்காது." அவருடைய நலத்துக்கென்று சொல்லிவிட்டதால், பெரியவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் வாய் வராது. நல்ல பிள்ளையாக வாங்கி, இரண்டு காதிலும் மாட்டி, மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்.