கொக்கு எங்கே பார்க்கிறது?

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போனால் தண்ணீர்ப்பாம்பும் தவளையும்தான் எதிரே வருகின்றன. எனக்குப் பறவை யோகமே இல்லையா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரட்டை யோகம் உங்களுக்கு! நீங்கள் அண்ணாந்து பறவையைத் தேடுகிறீர்கள். பறவை குனிந்து தவளையைத் தேடுகிறது. மடையான் அசையாமல் நிற்கிற கரையில் தவளை இருக்கும். செண்பகம் புதருக்குள் நுழைந்தால் ஓணானுக்கு ஆபத்து. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினால், காலை எடுத்து வைக்குமுன் தரையைப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். தண்ணீர்ப்பாம்புக்கு நஞ்சில்லை, சீண்டினால் கடிக்கும். எந்தப் பாம்பானாலும் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். இறக்கை இருந்தால்தான் காட்டுவேன் என்று பைனாகுலர் அடம்பிடிக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கறை படிந்த கூழைக்கடாக்களைப் பார்த்து ஊரே பதறியது. சேற்றிலேயே கிடக்கிற பாம்பையும் ஆமையையும் அந்த எண்ணெய் விட்டுவைத்திருக்குமா? அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஜனவரி தொடங்கி நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் விடுங்கள்.