எல்லாத் தொளையும் ஒண்ணுதானாக்கு கண்ணு?

லேப்டாப்புக்கு டாக்கிங் ஸ்டேஷன் வாங்கிட்டயாமா கண்ணு. நல்லது. இனி மேசை முச்சூடும் வயரு கெடக்காது, ஒரே ஒரு வயரச் சொருகுனா ரெண்டு மானிட்டரு, கீபோர்டு, மௌஸு, இன்டர்நெட்டு, சார்ஜு அத்தனையும் வந்துருமின்னு உன்ற அம்மாகிட்டப் பெருமையடிச்சயாமா. அவ வந்து எங்கிட்டச் சொன்னா. சார்ஜு ஏறுது, கீபோர்டு ஓடுது, மானிட்டரு ரெண்டும் மட்டும் கருகும்முனு கெடக்குதுங்கறதையும் சேத்துத்தான் சொன்னா. டாக்கு ஓட்டை, திருப்பி அனுப்பப் போறேன்னு குதிக்கறயாமா.

எனக்கென்ன சாமி தெரியும்? காலம்பூரா பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுனவன். நீ எஞ்சினீரு. அதனால டப்பாவுல வந்த காயிதத்தப் படிக்கற அவசியம் உனக்கில்ல, பிரிக்காமயே குப்பையில போட்டுட்ட. எனக்குப் பொழுது போகல, எடுத்துப் படிச்சுப்போட்டேன். புரியாததையெல்லாம் உன்ற தங்கச்சி அம்மணி ஃபோன்ல தேடிச் சொன்னா.

1992-லயே ஆப்பிள் கம்பெனி டுவோ டாக்குன்னு ஒண்ணு போட்டானாமா. லேப்டாப்ப மூடி அப்படியே பொட்டிக்குள்ள தள்ளோணும். அந்த லேப்டாப்பத் தவுர வேற எதையும் அதுல தள்ள முடியாது, அதனால ஏமாறவும் முடியாது. இப்ப 2014-ல வந்த இந்த டைப்-சி இருக்குதே, மேல கீழ பாக்க வேண்டியதில்ல, எப்படிச் சொருகுனாலும் ஏறிக்கும். எல்லாமே ஏறறதுனாலதான் வம்பே. உருவம் ஒண்ணா இருந்தாலும் ஒரு லேப்டாப்புல அந்தத் தொளை சார்ஜையும் ஃபைலையும் மட்டும் கடத்தும், படம் வராது. இன்னொண்ணுல படமும் வரும். அதுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடுன்னு பேரு. அம்பு முனையோட மின்னல் போட்டிருந்தா அது தண்டர்போல்ட்டு. மூணாம் நம்பரானாலும் நாலாம் நம்பரானாலும் நொடிக்கு 40 கிகாபிட் வரைக்கும் போவும். உன்ற லேப்டாப்புல எந்தக் குறி இருக்குதுன்னு என்னிக்காச்சும் பாத்திருக்கயா? பாத்திருக்க மாட்ட. ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சு வெச்சிருக்கற. நான் நகத்தால சொரண்டிப் பாத்தேன். படம் வர்ற தொளைதான், பொழச்ச போ.

அப்பறம் ஏன் இருட்டுங்கற? டாக்கோட வந்த கேபிள் குட்டையா இருக்குதுன்னு தூக்கி வீசிட்டு, ஃபோன் சார்ஜர் கேபிளச் சொருகி வெச்சிருக்கறயே, அந்தக் கெட்டிக்காரத்தனந்தான். டைப்-சியில 24 பின்னு. ஃபோனோட குடுக்கற கேபிள் முக்காவாசியில, படத்தச் சொமக்கற வேகமான கம்பிகளே உள்ள இருக்காது. சார்ஜுக்கும் பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கும் வேண்டியத மட்டும் போட்டிருப்பான். அதனாலதான் கீபோர்டு ஓடுது, மானிட்டர் ஓடல. குட்டையா வெச்சது கஞ்சத்தனத்துல இல்ல அப்புனு. வேகம் எச்சாக எச்சாக தூரம் தாங்காது. தண்டர்போல்ட்டுல 40 கிகாபிட் வேணுமின்னா சாதாக் கேபிள் ஒரு மீட்டரே வராது.

வாட்டுக் கணக்கு நம்ம தொழிலு, அத நானே சொல்றேன். 20 வோல்ட்டு, 5 ஆம்பியரு, பெருக்குனா 100 வாட்டு. டைப்-சியில ரொம்ப நாளா அதுதான் உச்சம். 2021-லதான் 240 வரைக்கும் ஏத்துனாங்க. 60 வாட்டத் தாண்டோணும்னா கேபிளுக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருந்து, நான் தாங்குவேன்னு சொல்லோணும். அதில்லாட்டி 3 ஆம்பியரோட நின்னுரும். அடாப்டர்ல 100-னு போட்டிருந்தா அத்தனையும் லேப்டாப்புக்குன்னு நெனச்சுக்காதே, டாக்கும் தின்னும். பெரிய கேம் லேப்டாப்ப மாட்டிட்டு, சொருகியிருக்கறப்பவே சார்ஜு எறங்குதேன்னு அழுவக்கூடாது.

இன்னொண்ணு. டாக்கு போர்வெல்லு இல்ல, கேட்வால்வு. வர்ற தண்ணியத்தான் பிரிச்சு உடும். சாதா டைப்-சி டாக்குல 4கே மானிட்டரு ரெண்டு மாட்டுனா, நொடிக்கு 60 தடவை மாற வேண்டிய படம் பெரும்பாலும் 30 தடவைதான் மாறும். அம்புக்குறி இழுத்து இழுத்துப் போவும். உன்ற வேலைக்கு ரெண்டு ஃபுல் ஹெச்டி போதும். போன மாசம் வந்தானே உன்ற கூட்டாளி, அவன் வெச்சிருக்கற எம்1 மேக்புக் ஏரு நேரா ஒரே ஒரு வெளி மானிட்டரத்தான் ஓட்டும். ரெண்டு வேணுமின்னா டிஸ்ப்ளேலிங்க் டாக்கு வாங்கி, அதுக்குண்டான டிரைவரப் போடோணும். நம்ம டாக்க அவனுக்கு இரவல் குடுத்து மானத்த வாங்கிக்காதே.

மௌஸு விட்டு விட்டு ஓடுச்சுன்னா கம்பெனியத் திட்டாதே. யூஎஸ்பி 3 தொளைக்கிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ்ல எரைச்சல் வருமுன்னு இன்டெல்காரனே 2012-ல எழுதி வெச்சிருக்கான். உன்ற மௌஸு டாங்கிளும் அதே 2.4-லதான் பேசுது. அதத் தள்ளி, யூஎஸ்பி 2 தொளையில சொருகு. டாக்கு மேல உன்ற அம்மா போட்டு வெச்ச பூப்போட்ட துணிய எடு, அது சூடாவற சாமான். ஹார்ட் டிஸ்க்க முறையா எஜெக்ட் பண்ணாம வயரப் புடுங்கிட்டு டீக்கடைக்கு ஓடாதே.

கரண்டு போனா லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்குது, டாக்குக்கு இல்ல. மானிட்டரு, லேனு ரெண்டும் அந்த நிமிசமே படுத்துரும், உன்ற மேனேஜரு பாதிப் பேச்சுல காணாமப் போயிருவாரு. டாக்கு அடாப்டரையும் மோடத்தையும் யூபிஎஸ்ல மாட்டு. இன்னிக்கே மாட்டீரு கண்ணு. நாளைக்கு மாசாந்திரப் பராமரிப்பாமா, 9 மணிக்கெல்லாம் கரண்ட நிறுத்திப்போடுவாங்க.