கலாநிதி கட்டுரை தேடுகிறார்

பல்கலைக்கழக விஞ்ஞானியிடம் ஒரு வினாக்கொத்தை நீட்டி, "தகவலை எப்படித் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அளந்து பார்க்காத எதையும் நம்பாத மனிதர், தம்மைப் பற்றிய கேள்வி என்றதும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுவார். தரவுத்தளங்களை முறைப்படி தேடுகிறேன், நூலகத்தை "அடிக்கடி" பயன்படுத்துகிறேன், சஞ்சிகைகளை "ஒழுங்காக" வாசிக்கிறேன் என்று டிக் அடித்துக்கொண்டே போவார். இதே மாதிரித் தரவை அவருடைய மாணவன் கொண்டுவந்திருந்தால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். படிவத்தை வாங்கிப் போகிறவரும் விஞ்ஞானிதான். அவர் அதைச் சதவீதமாக்கி, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு, அட்டவணையாக வெளியிடுவார். பொய் சொல்வது கலாநிதியின் நோக்கமல்ல. தாம் தேடவேண்டிய விதத்தைத்தான் தேடுகிற விதம் என்று மனமார நம்புகிறார்.

1948 இல் லண்டன் ராயல் சொசைட்டி கூட்டிய மாநாட்டுக்காக பௌதிகவியலாளர் ஜே. டி. பெர்னல் இந்த விசாரணையில் இறங்கினார். அன்றிலிருந்து அது ஓயவில்லை. தகவலியல் ஆய்வாளர்களான கேரல் டெனோபிரும் டொனால்ட் கிங்கும் நடத்திவந்த ஆய்வுத் தொடரில், 2012 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதம் சராசரி 22 கட்டுரைகள் படிப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் செலவிடுவதாகவும் சொன்னார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் சைபர் குழு வேறு வழியில் போனது. ஆட்களைக் கேட்காமல், மின்சஞ்சிகைத் தளங்களில் பதிவான கால்தடங்களை எண்ணி 2008 இல் அறிக்கை தந்தது. வந்தவர்கள் ஒரு தளத்தில் தங்கிய நேரம் சுமார் 8 நிமிடம். 60 சதவீதம் பேர் 3 பக்கத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலானோர் திரும்பி வரவுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள் (அந்தக் கழிவு நியாயமா என்பது தனிச் சண்டை). கலாநிதியின் வாக்குமூலத்தில் மட்டும் ஒரு கிராம்கூடக் கழிவதில்லை.

தளத்துக்கு வந்தவர்களில் மாணவர்களும் இருந்திருப்பார்கள், கலாநிதி கட்டுரையைத் தரவிறக்கிப் பிறகு ஆறுதலாகப் படித்திருப்பார், அது பதிவில் தெரியாது என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். 8 நிமிடம்தான் உண்மை, அரை மணி பொய் என்று இங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் "பிறகு" என்ற அந்தக் காலம் எப்போது வருகிறது? அவருடைய கணினித் திரையில் "படிக்க வேண்டியவை" என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் "அவசரம்" என்று இன்னொன்று. அதற்குள் "மிக அவசரம்". ஒரே கட்டுரை மூன்றிலும் இருக்கும். தரவிறக்கிய கணத்திலேயே பாதி படித்துவிட்ட நிம்மதி அவருக்கு வந்துவிடுகிறது. அதை வாசிப்புக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்த வினாக்கொத்தும் கேட்டதில்லை.

உண்மையில் அவர் எப்படித்தான் தேடுகிறார்? முதலில் கூகுள். கூகுள் ஸ்கொலர் வந்தது 2004 நவம்பரில். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உருவானது 2005 இல். கூகுள் ஸ்கொலர் இல்லாமல் ஒரு நாளும் வாழாத பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். தேடினால் கட்டுரை அகப்படும். திறந்தால் டொலரில் விலை கேட்கும். அப்போதுதான் கலாநிதியின் மெய்யான தரவுத்தளம் வேலை செய்யத் தொடங்குகிறது. அவருடைய பட்ச் நண்பர் ஒருவர் ஜப்பானில் இருப்பார், பழைய மாணவி ஒருத்தி அவுஸ்திரேலியாவில் பட்டமேற்படிப்பில் இருப்பாள். வட்ஸ்அப்பில் ஒரு வரி போகும்: "இந்தப் பேப்பர் எடுக்கலாமா?" இரவுச் சாப்பாட்டுக்கு முன் கட்டுரை வந்து சேரும். மறுநாள் யாராவது படிவத்தை நீட்டினால், "நிறுவனச் சந்தா மூலம்" என்ற கட்டத்தில் அவர் டிக் போடுவார். சந்தா ஒரு நிறுவனத்துடையதுதானே, எந்த நாட்டு நிறுவனம் என்று படிவம் கேட்கவில்லையே.

இதெல்லாம் வறிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் தலைவிதி, வசதியான இடத்தில் விஞ்ஞானி ஒழுங்காகத் தேடுவார் என்பது அடுத்த ஆட்சேபம். 2010 இல் வெளியான ஒரு கருத்தாய்வு அமெரிக்காவின் 5 பல்கலைக்கழகங்களில் 2,063 ஆய்வாளர்களைக் கேட்டுவிட்டு, ஐந்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தேடுகிறார்கள் என்று முடித்தது. 2016 இல் 'சயன்ஸ்' சஞ்சிகை கட்டுரைகளைக் காசில்லாமல் இறக்கித் தரும் சை-ஹப் தளத்தின் பதிவுகளைப் பார்த்தபோது, காசு கட்டிய நூலகங்கள் உள்ள பல்கலைக்கழக நகரங்களிலிருந்தும் திருட்டுப் பிரதிகள் இறங்கிக்கொண்டிருந்தன. காரணம் வறுமை மட்டுமல்ல, கடவுச்சொல் தட்டச்சுச் செய்யும் அலுப்பும்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு விதித்த நான்காம் விதியை நூலகங்களைவிட விசுவாசமாகக் கடைப்பிடிப்பவர் இந்தக் கலாநிதி.

ஆகவே இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆளைக் கேட்பது நல்ல முறைதான். ஆய்வுகூடங்களைப் பல ஆண்டு கவனித்த தோமஸ் அலன், 1977 இல் வெளியிட்ட நூலில், சிறப்பாக வேலை செய்கிறவர்கள் சகாக்களிடம் நிறையப் பேசுகிறார்கள் என்று காட்டினார். இரண்டு மேசைகளுக்கிடையே 50 மீட்டர் வந்துவிட்டால் பேச்சு அநேகமாக அற்றுப்போகிறது என்றும் காட்டினார். கலாநிதியைக் குறை சொல்வதென்றால் இந்த இடத்தில்தான் சொல்லவேண்டும்: கேட்கிறார், ஆனால் கேட்கவேண்டிய ஆளைக் கேட்பதில்லை. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று வீசும் வரட்சியில் ஏறுகிறது. வலித் தைலத்தில் மணக்கும் மெதில் சலிசிலேட் அதில் ஒரு பங்காளி. இதுபற்றிய கட்டுரைகளை அவர் டோக்கியோவரை துரத்துவார். பக்கத்திலேயே, பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் இருக்கிறது. 50 மீட்டரைத் தாண்டிவிட்டதால் அங்கே "ஒருநாள் போகவேண்டும்". தெமோதரையிலோ மடுல்சீமையிலோ ஸ்டோரில் வாட்டிய கொழுந்தை அள்ளி முகர்ந்து, இன்று மணம் நிற்குமா என்று சொல்லக்கூடிய டீமேக்கர் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. வினாக்கொத்தில் அவருக்குக் கடைசிக் கட்டம்: "மற்றவை (குறிப்பிடுக)". குறிப்பிடுவதற்கு ஒன்றரை அங்குலக் கோடு விட்டிருப்பார்கள். மூக்கால் அறிவது அறிவியலா என்று கேட்பார்கள். அல்லதான், ஆனால் எந்த மலையில், எந்தக் கிழமையில் மாதிரி எடுக்கவேண்டும் என்று சொல்ல அந்த மூக்குப் போதும்.

கருத்தாய்வே வீண் என்பதல்ல வாதம். டெனோபிரும் கிங்கும் கையாண்ட உபாயம் ஒன்று உண்டு: பொதுவாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்காமல், கடைசியாகப் படித்த கட்டுரை எது, அது கைக்கு எப்படி வந்தது என்று கேட்பது. "பொதுவாக" என்ற சொல்லில்தான் இலட்சியம் புகுந்துகொள்கிறது. "கடைசியாக" என்றால் கொஞ்சம் நாணவேண்டியிருக்கும். கடைசியாக யாரைக் கேட்டீர்கள், அவர் எங்கே இருந்தார், எந்த மொழியில் கேட்டீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பதுளை, பேராதனை, யாழ்ப்பாணம் எங்கும் அனுப்பலாம். கலாநிதி அதைத் திறப்பார், "மிக அவசரம்" கோப்புறையில் போடுவார், நினைவூட்டல் வந்த அன்று தற்காலிக உதவி விரிவுரையாளருக்கு அனுப்பி நிரப்பச் சொல்வார். அந்தப் பிள்ளை முதல் கேள்வியைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கும்: "நீங்க இதுக்கு என்னா போட்டீங்க?"