சொன்னதைச் செய்த புட்டி

எங்கள் வீட்டில் எண்ணெயைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. இட்லிப் பொடிக்குச் செக்கு நல்லெண்ணெய் இல்லையென்றால் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். பலகாரம் சுடுவதென்றால் மனைவிக்குக் கடலெண்ணெய்தான். அப்பா இருந்தவரை முழங்காலுக்கு ஒரு தைலம், முதுகுக்கு ஒரு தைலம். மாற்றித் தேய்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார். எனக்கு மட்டும்தான் இந்த விஷயத்தில் ஒரு கொள்கையும் இல்லாமல் இருந்தது. நாற்பத்தெட்டாவது வயதில், ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் வாங்கப் போன இடத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது.

அதுவரைக்கும் எல்லாம் மெக்கானிக் அண்ணன் பொறுப்பு. 2,000 கிலோமீட்டர் ஆனதும் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துவேன். பாதியாக வெட்டிய சமையலெண்ணெய் டின்னை வண்டிக்கு அடியில் தள்ளி, போல்ட்டைக் கழற்றுவார். கருகருவென்று இறங்கும் ஆயிலில் இரண்டு விரலை வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்து, "கரிக்கட்டையா ஆயிருச்சு சார். பாவம் வண்டி" என்பார். அந்தப் 'பாவம்' என்ற சொல்லில், கன்றுக்குட்டியைப் பட்டினி போட்டவனைப் போல நான் தலை குனிவேன். ஒருமுறை துணிச்சல் வந்து, "அண்ணே, புத்தகத்துல 6,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்னு போட்டிருக்கே" என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புத்தகத்துல ரோடு நல்லா இருக்கும் சார்."

போன ஆடியில் அவர் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய்விட்டார். சரி, ஆயிலையாவது நாமே வாங்கி வைப்போம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"பத்து முப்பதா, இருபது நாப்பதா, இருபது அம்பதா?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேருக்கும் என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. புல்லட் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவர், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாங்க நிக்கும், இருபது அம்பது போடுங்க" என்றார். இன்னொருவர் நாற்பதில் நின்றார். மூன்றாமவர் ஆயிலை விட்டுவிட்டு, ஸ்ப்ளெண்டரையே விற்றுவிடச் சொன்னார். நான் கையேட்டில் போட்டிருந்த 10டபிள்யூ30 ஒரு புட்டியை வாங்கிக்கொண்டு தப்பித்து வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து அந்த எழுத்துகளுக்கெல்லாம் அர்த்தம் தேடினேன். 'டபிள்யூ' என்பது வின்டர், அதாவது குளிர்காலம். 10டபிள்யூ என்று போட்டிருந்தால், மைனஸ் 25 டிகிரிக் குளிரிலும் என்ஜினைச் சுழலவிடும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்ற சோதனையில் அது தேறியிருக்கிறது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15. மார்கழி விடியலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவதையே வீரச்செயலாக நினைக்கிற மதுரைக்காரனின் ஸ்ப்ளெண்டருக்குள், சைபீரியாவுக்குப் புறப்படத் தயாராக ஒரு ஆயில் ஓடிக்கொண்டிருக்கிறது! பின்னால் வரும் 30 என்பதுதான் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான எண். அந்தக் கெட்டிக்குத் தகுந்தபடிதான் என்ஜினுக்குள் இருக்கும் இண்டு இடுக்குகளை வடிவமைத்திருக்கிறார்கள். புல்லட்காரருக்கு இருபது அம்பது சரி, எனக்கு பத்து முப்பது சரி. அவர் மூக்குக் கண்ணாடியை நான் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஜாஸோ எம்.ஏ.' என்று ஒன்று இருந்தது. ஏதோ ஜப்பான்காரர்களின் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விட்டேன். அதைப் படிக்காமல் விட்டதற்குத்தான் பிறகு காசு கொடுத்தேன்.

அண்ணன் திரும்பி வந்து ஆயிலை மாற்றிக் கொடுத்த மறுநாள், மச்சினன் ஒரு குட்டிப் புட்டியோடு வந்தான். அடிடிவ். லேபிளில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றித் தீப்பிழம்பு. உராய்வைக் குறைக்கும், சத்தத்தை அடக்கும், மைலேஜைக் கூட்டும், என்ஜின் ஆயுளை நீட்டும். பஸ் ஸ்டாண்டில் மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் முடி உதிர்வதற்கும் ஒரே லேகியம் விற்பவரின் குரல் காதில் கேட்டது. ஆனாலும் சபலம் யாரை விட்டது?

"இது காருக்கு உள்ளதுன்னு போட்டிருக்கே மாப்ள. நாலு லிட்டருக்கு ஒரு புட்டியாம்."

"காருக்கே ஆகும்னா பைக்குக்கு ஆகாதா மச்சான்?" என்று சொல்லிக்கொண்டே, ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத என் வண்டிக்குள் பாதிப் புட்டியைக் கவிழ்த்துவிட்டான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் வண்டி வெண்ணெயாக ஓடியது. சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று மனைவியிடம் கேட்டேன். "முந்தி சத்தம் போட்டுச்சா?" என்றாள்.

மூன்றாம் நாள் திருப்பரங்குன்றம் மேம்பாலத்தில் ஏறுகிறேன். முறுக்குகிறேன், என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கினால் இன்னும் கத்துகிறது. சட்டசபையில் நடக்கிற மாதிரி சத்தம் பலமாக இருக்கிறது, காரியம் அங்கேயேதான் நிற்கிறது. இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகளைக் கட்டித் தொங்கவிட்ட ஒரு எக்ஸெல் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டிய பெரியவர் திரும்பி, துக்க வீட்டில் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மிச்சப் பாலத்துக்கு வண்டியை நான்தான் தள்ளினேன்.

மெக்கானிக் அண்ணன் உதைத்து ஸ்டார்ட் செய்து, கிளட்சை ஒருமுறை பிடித்து விட்டார். பிறகு, வாந்தியெடுக்கும் பிள்ளையின் அப்பாவிடம் டாக்டர் கேட்கும் அதே தொனியில் கேட்டார்: "உள்ள என்னத்தை ஊத்துனீங்க?"

மச்சினன் பெயரைச் சொன்னேன்.

கவரைக் கழற்றி கிளட்ச் பிளேட்டுகளை எடுத்துக் காட்டினார். வாழைப்பூ மடல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. "இது பூராவும் ஆயில்லயேதான் சார் முங்கிக் கிடக்கும். ஆனா ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சாத்தான் வீல் சுத்தும். நீங்க வழவழன்னு ஆக்கிட்டீங்க. எதைப் பிடிக்கும்?"

அப்போதுதான் அந்த எம்.ஏ. பட்டத்தின் மகிமை புரிந்தது. ஆயிலில் ஊறும் கிளட்ச் இருக்கிற பைக்குகளுக்கு, அது வழுக்காதபடி செய்த ஆயில் என்று அர்த்தம். என் மனைவியின் ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, உலர்ந்து இருக்கிறது, அதற்கு எம்.பி. என்று போட்ட ஆயில். உராய்வைக் குறைக்கும் என்று புட்டி சொல்லியது, குறைத்தது. உராய்வே எங்கேயும் வேண்டாம் என்று முடிவு கட்டியது நான்தான்.

கிளட்ச் பிளேட் செட், இரண்டு தடவை புது ஆயில், கூலி. அந்தப் பில்லைப் பார்த்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் படித்தேன். கடையில் விற்கும் ஆயிலிலேயே அடிடிவ் இருக்கிறது; சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட. தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம், அழுக்கெடுக்கக் கால்சியம் சேர்ந்த ஒன்று, நுரை கட்டாமல் இருக்கத் துளியூண்டு சிலிக்கோன். இதில் எது கூடினாலும் வேறொன்று கெடும். பாஸ்பரஸ் அதிகமானால் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றிக்கு ஆகாது என்று அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஹோட்டல் சாம்பாரை வாங்கிவந்து, அதில் வீட்டுச் சாம்பார்பொடியைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நானும் மச்சினனும் செய்திருக்கிறோம்.

எங்கள் இருவருக்கு மட்டும் வந்த சபலம் இல்லை இது. அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்று ஒன்று, தோசைக்கல்லில் ஒட்டாமல் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் வகைப் பொருளை என்ஜினுக்குள் ஊற்றச் சொல்லி விற்றது. தேய்மானம் குறையும் என்ற அதன் விளம்பரத்துக்கு ஆதாரம் எங்கே என்று 1996இல் மத்திய வணிக ஆணையம் வழக்குப் போட, மறுவருடம் சமரசத்துக்கு வந்தார்கள்.

இன்னொரு பாவத்துக்கும் விமோசனம் கிடைத்தது. ஆயில் கறுப்பதாலேயே கெட்டுவிட்டதாக ஆகாதாம். கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னிடமே வாங்கி வைத்துக்கொள்கிற ஒரு பொருளும் அதில் உண்டு. வீடு துடைத்த துணி கறுப்பாக இருந்தால் துணியையா திட்டுவோம்? இதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி சார். கறுத்தா நல்லதுதான். மாத்திரலாம்" என்று டின்னைத் தள்ளினார். இப்போதைக்கு 3,000 என்று எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை.

மிச்சப் பாதிப் புட்டி அலமாரியில் கிடந்தது. கொடுத்த காசு கண்ணை உறுத்த, வாசல் கேட் கீலில் நாலு சொட்டு விட்டேன். பதினைந்து வருடமாக 'கிரீச்' என்று ஊரைக் கூட்டிய கேட், அன்றிலிருந்து மூச்சு விடவில்லை. புட்டி இங்கேயும் சொன்னதைச் செய்தது. அம்மாவுக்குத்தான் வருத்தம். யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று உள்ளே இருந்தபடியே சொல்வார், இப்போது தெரிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தமே இல்லை. நிமிர்ந்தால் எதிரே மச்சினன் நிற்கிறான், கையில் புதுப் புட்டி.

"மச்சான், இது பெட்ரோல் டேங்க்ல ஊத்துறது."