கையெடுப்புச் சட்டமும் கைப்பேசிக் கோ ஆட்டமும்: இடைசெவலை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், கரிசல் ஊரான இடைசெவலைச் சேர்ந்தவர்கள். சாகித்திய அகாதெமி விருது முன்னவருக்கு 1970இலும் பின்னவருக்கு 1991இலும் கிடைத்தது. ஒரு ஊர் இதற்கு மேல் என்ன செய்யும் என்று ஆய்வுலகம் இடைசெவலை அத்தோடு விட்டுவிட்டது. வைத்த காயைத் திரும்ப எடுப்பது பற்றிச் சாவடித் திண்ணைகளில் வளர்ந்த நீதிமுறை இதனால் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. டீ பெறப்பட்டது.

முதலில் களம். திண்ணையில் ஆடும் ஆடுபுலி ஆட்டத்துக்கு 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்கு அடுப்புக்கரி, ஆட்டுக்குப் புளியமுத்து. மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு புரட்டாசி விதைப்பு வரை ஆட்களுக்கு வேலை குறைவு. ஒரு காயை வைத்துவிட்டு அதைப் பற்றி அரைமணி நேரம் வழக்காடும் வசதி கரிசலுக்கு இப்படித்தான் வாய்த்தது என்பது எம் துணிபு. நஞ்சைக்காரர்கள் இதை மறுக்கலாம்.

ஆடுகள் பதினைந்தும் இறங்கி ஒன்றும் வெட்டுப்படாத நிலையில், காய்கள் நிற்கக்கூடிய விதங்கள் 2,74,57,584. சாதாரண கைப்பேசி இத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டு மீதி இடத்தில் கல்யாண வீடியோவும் வைத்துக்கொள்ளும். அதே கைப்பேசியில் பையன்கள் ஆடத் தொடங்கியிருக்கும், கருப்பு வெள்ளைக் கற்களாலான கோ ஆட்டத்துக்கு 19 கோடு குறுக்கே, 19 நெடுக்கே, ஆக 361 புள்ளி. அதில் முறைப்படி அமையக்கூடிய நிலைகளை ஜான் டிராம்ப் 2016இல் கணக்கிட்டு முடித்தார். விடை 171 இலக்க எண். இவ்வளவு பெரிய ஆட்டத்தில் பிழைகளும் பெரிதாக இருக்கும், திரும்ப எடுத்தலும் அதிகமாக இருக்கும் என்பது எம் முதல் கருதுகோள். அது தவறிப்போனது. திரும்ப எடுத்தலுக்கும் கட்டத்தின் அளவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எதிரே இருப்பவரின் முகத்தோடுதான் அதற்குச் சம்பந்தம்.

திண்ணைச் சட்டம் ஒரே வரி: விரல் காயை விட்டால் காய் வைத்தாயிற்று. ஆகவே அனுபவசாலி விரலை விடுவதில்லை. மாமா புளியமுத்தை ஒரு புள்ளியில் வைத்து ஆட்காட்டி விரலால் அமுக்கிக்கொள்கிறார். பார்வை பலகையில் இல்லை, மாப்பிள்ளையின் மீசையில் இருக்கிறது. மீசை லேசாக அசைந்தால் முத்து பக்கத்துப் புள்ளிக்கு நகரும். அங்கேயும் அசைந்தால் பழைய இடத்துக்கே திரும்பும்.

“கைய எடுங்க மாமா.”

“எடுப்பம் மாப்ளே. பஸ்ஸுக்கா நேரமாச்சு?”

பின்னால் நிற்பவர் இந்நேரம் ஒருமுறை இருமினார் என்றால் அது சளியால் வந்த இருமலா, சாட்சியாக வந்த இருமலா என்பது தனி வழக்கு.

உலக அரங்கில் இதே சிக்கல் 1994இல் லினாரஸ் சதுரங்கப் போட்டியில் எழுந்தது. யூதித் போல்காருக்கு எதிராகக் காஸ்பரோவ் குதிரையை வைத்துக் கையெடுத்துவிட்டு, மறுபடி தொட்டு வேறு கட்டத்துக்கு மாற்றினார். விரல் கால் நொடி விலகியது பிறகு வீடியோவில் தெரிந்தது. ஆட்டத்தையும் அவரே ஜெயித்தார். நம் சாவடியில் வீடியோ தேவைப்பட்டிருக்காது. நாலு பேர் ஒரே குரலில் கத்தியிருப்பார்கள்.

கணினி ஆட வந்ததும் இந்தச் சட்டத்தின் அஸ்திவாரமே ஆடிப்போனது. கணினிக்குக் கை இல்லை. 2016 மார்ச்சில் சியோலில் கோ வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலுக்காகக் கல்லை எடுத்து வைத்தவர் ஆஜா ஹுவாங் என்ற பொறியாளர். ஐந்து ஆட்டத்திலும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மாமாவைப் போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து, விரலைக் கல்லில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்திருந்தாலும் ஒரு தகவலும் கிடைத்திருக்காது.

இங்கேதான் எம் முதன்மைக் கண்டுபிடிப்பு. திண்ணையில் திரும்ப எடுப்பவன் எதிராளி ஆடுவதற்கு முன் எடுக்கிறான். முகம் காட்டிக்கொடுத்த ஆபத்துக்கு அஞ்சி எடுக்கிறான். கைப்பேசியில் எடுப்பவனுக்குப் பார்க்க முகம் இல்லை. எந்திரம் பதில் ஆடி, கல் பறிபோன பிறகே விஷயம் தெரிகிறது. அதன்பின் திரும்ப எடுக்கும் பொத்தானை அழுத்துகிறான். முதலாவது முன்ஜாமீன். இரண்டாவது கருமாதிக்குப் பிறகு பிணத்தை எழுப்புவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது.

இதில் துணைக்கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. அந்தப் பொத்தான் நம் கல்லை மட்டும் எடுப்பதில்லை, எந்திரத்தின் பதிலையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. அருமையாக ஆடிய ஆட்டம் காணாமல் போனதற்கு எந்திரம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. திண்ணையில் அப்படி நடக்குமா? “நான் வெட்டுனதுக்கு அப்புறம் எடுக்கீரா? ஒரு ஆட்டை வச்சிட்டு எடும்” என்று மடியில் இருக்கும் புளியமுத்துகளைக் காட்டி அபராதம் கேட்பார்கள். கொடுத்தவரும் உண்டு. கொடுக்காமல் துண்டை உதறி எழுந்து போய், பொங்கல் வரை பேசாதிருந்தவரும் உண்டு. இன்னும் விசித்திரம்: திரும்ப எடுத்துவிட்டு அதே கல்லை அதே இடத்தில் வைத்தால், சில எந்திரங்கள் இம்முறை வேறு இடத்தில் பதில் வைக்கின்றன. தேடலில் கொஞ்சம் குருட்டுச் சீட்டும் கலந்திருப்பதால் இப்படி நேர்கிறது. தன் முந்தைய யோசனைக்காகச் சண்டை போடத் தெரியாத ஒன்றோடு ஆடுவதை ஆட்டம் என்று ஏற்கலாமா என்பதில் திண்ணை அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

களப்பணியின்போது, கோவில்பட்டியில் இன்ஜினியரிங் படிக்கும் பேரன் பொத்தானை அழுத்தி அழுத்தி எந்திரத்தை ஜெயித்துக் காட்டினான். தாத்தா கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல எதுல புலி?”

“புலி கெடையாது தாத்தா. கருப்பும் வெள்ளையும் ஒண்ணுபோலத்தான்.”

“பொறவு எதுக்குல பயந்து பயந்து எடுக்க?”

இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு வெளியே விழுவதால் பேரனின் விடை இங்கு பதிவு செய்யப்படவில்லை. அவன் விடை எதுவும் சொல்லவுமில்லை.