வெயிலுக்கு ஒரு வேலை

கேள்வி: ஏரித் தண்ணீரை வெயிலும் ஏதோ வெள்ளைப் பொடியும் சேர்ந்தே சுத்தம் செய்துவிடுமாமே, நிஜமா?
– வாசகி, பீர்க்கன்கரணை

பதில்: நிஜம்தான். பொடியின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் அதுவே. அதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் தண்ணீரில் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் பிறக்கும். ஆகாயத்தாமரையும் இலைதழையும் அழுகி, தண்ணீரை டிக்காஷன் நிறமாக்கும் ஹியூமிக் அமிலத்தை அவை துண்டு துண்டாக்கிவிடும். நிறம் போவது மட்டுமல்ல லாபம்: அந்த அமிலத்தோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் உண்டாகும், அது உடம்புக்கு ஆகாது.

ஒரு சிக்கல். நம்மை வறுத்தெடுக்கும் வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான், மிச்சமெல்லாம் வியர்வைக்கு! பொடியும் மகா நைஸ், வேட்டித்துணியில் வடிகட்டினால் நிற்காது. அதனால் ஆய்வுக்கூடங்களில் கண்ணாடியில் பூசிப் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு பெயின்ட் டப்பாவைக் குடத்தில் கவிழ்த்துவிடாதீர்கள்.