கிளாடியேட்டர் ரோஜாவும் விடியற்காலை நடுவர்களும்

ஆய்வுப் பரப்பு: கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி. ஆய்வுப் பொருள்: மேற்படி எல்லைக்குள் காம்பவுண்டுச் சுவரோரம் தொட்டியில் நிற்கும் கிளாடியேட்டர் ரோஜா. ஹைப்ரிட் டீ வகை; அடர்ந்த ரோஸ் நிறம், நீண்ட காம்பு.

முன்னோரை வணங்கித் தொடங்குவது ஆய்வு நாகரிகம். திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, நாள்தோறும் காஞ்சி வரதருக்குப் பூச்சுமந்தார் என்பது வைணவ மரபு. ஆக, இவ்வட்டாரத்தின் முதல் பூ ஏற்றுமதியாளர் அவரே. அவருக்கு ஹைப்ரிட் டீ கிடைக்க வழியில்லை; அவ்வகையில் முதலாவதாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' 1867இல்தான் பிரான்சில் பிறந்தது. கிளாடியேட்டர் அமெரிக்காவில் அறிமுகமான ஆண்டு 1955. அதே ஆண்டு ஜனவரியில், கோட்டில் ரோஜா செருகும் வழக்கமுள்ள நேரு ஆவடி காங்கிரசுக்கு வந்தார். மாநாட்டில் சோஷலிச பாணிக்குத் தீர்மானம் போட்டார்கள், ரோஜாவுக்குப் போடவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பே இல்லை என்பவர்கள் முனைவர் பட்டத்துக்கு லாயக்கற்றவர்கள்.

இனி வளர்ப்பு. செம்மண், மணல், தொழு உரம் கலந்த தொட்டி. தினம் ஆறு மணி நேரமாவது வெயில். இதில் கருத்து வேறுபாடு இல்லை. உரத்தில்தான் சண்டை. டீத்தூள் சக்கை போடுவோர் ஒரு கட்சி, வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர் ஊற்றுவோர் மறு கட்சி. முட்டையைத் தொடாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு முட்டை ஓடு வாங்கி, தினத்தாளில் பொதிந்து எடுத்துவருவதை இவ்வாய்வாளர் கண்ணாரக் கண்டிருக்கிறார். மாவுப்பூச்சி வந்ததும் எல்லாக் கட்சியும் வேப்பெண்ணெயில் ஒன்றுசேரும்.

பெருந்துயரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹைப்ரிட் டீ பெரும்பாலும் ஒட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒருநாள் ஒரு கிளை சீறிக் கிளம்பும். "என்னமா தழைச்சிருக்கு பாருங்க!" என்று வீட்டுக்காரர் தெருவைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஐந்து சிற்றிலை இருந்த இடத்தில் ஏழு இருப்பதை யாரும் எண்ணுவதில்லை. அது அடிச்செடியின் சொந்தக் கிளை. பிறந்த இடத்திலேயே பிய்த்தெறிய வேண்டும். யாருக்கு மனசு வரும்? வாடகைக்கு இருந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கிற கதைதான். அடுத்த ஆடிக்குள் கிளாடியேட்டர் காய்ந்துவிடும். செடி மட்டும் ஜோராக இருக்கும்.

மதிப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்க ரோஜா சங்கத்தின் கண்காட்சிக் கணக்கு 100 மதிப்பெண்ணுக்கு: வடிவம் 25, நிறம் 20, காம்பும் இலையும் 20, இதழின் திடம் 15, பொருத்தம் 10, அளவு 10. வாசனைக்குத் தனியாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இதை அம்பத்தூரில் ஏதாவது ஒரு மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். "மணக்காத பூ எதுக்கு? பிளாஸ்டிக்கே வாங்கி வெச்சுக்கலாமே" என்பார். வளர்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு நூறு போடுவார். பக்கத்து வீட்டுக்காரர், "எங்க ஊர்ல இதைவிடப் பெரிசா பூக்கும்" என்பதோடு முடித்துக்கொள்வார். மூவருமே நடுநிலையாளர் அல்லர்.

எனவே இவ்வாய்வு நான்காம் நடுவரைப் பரிந்துரைக்கிறது: விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில் பிளாஸ்டிக் கவரும், நுனியில் கொக்கி கட்டிய குச்சியுமாக நடைப்பயிற்சி போகும் பக்தர். அவர் தேர்வில் பிசகே இருக்காது. பாதிக்கு மேல் விரிந்து, முழுக்க விரியாத பூவே உச்ச நிலை என்பது கண்காட்சி விதி. அவர் பறிப்பதும் அதைத்தான். வெயிலேறுமுன் பறிக்க வேண்டும் என்பது வல்லுநர் அறிவுரை, அதையும் மீறியதில்லை. பூச்சி அரித்த பூவை அவருடைய சாமிகூட ஏற்றுக்கொள்வதில்லை போலும். காலை ஏழு மணிக்கும் செடியிலேயே இருக்கிற பூ தோற்றுப்போன பூ என்பதே எம் முடிவு. மார்கழியில் இந்த நடுவர் குழு விரிவடைகிறது. பூவும் அப்போதுதான் பெரிதாக வருகிறது.

நடுவர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கழுத்தோடு திருகிப் பறிக்காதீர்கள். ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு, ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். சுமார் ஏழு வாரத்தில் அடுத்த பூ வரும். அதுவும் உங்களுக்குத்தான்.